தென்னந்தடத்து உரம் தின்ற ராக்கி: ஆமணக்குப் புண்ணாக்கு நச்சு குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

ராக்கி நான்கு வயது ஆண் நாய். லாப்ரடார் கலப்பு, எடை 26 கிலோ. வீடு திருவட்டாறு பக்கம். சுற்றிலும் நாற்பது சென்ட் புரையிடம்: தென்னை, மட்டி வாழை, பலாவில் ஏறிய நல்லமிளகுக் கொடி, மதிலுக்கு அப்பால் ரப்பர். வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். நாய்க்கு ஆண்டு தவறாமல் தடுப்பூசி போட்டு, அட்டையைக் கண்ணாடி உறைக்குள் வைத்திருப்பவர். அதே வீட்டில் சிட்டு என்றொரு நாட்டு நாயும் உண்டு. அவளைப் பற்றிப் பின்னால் வரும்.

ஜூன் மாதம், இடவப்பாதி மழை கொஞ்சம் வெறித்திருந்த ஒரு திங்கட்கிழமை காலையில் ராக்கியை ஆட்டோவில் சாக்கு விரித்துப் படுக்க வைத்து என்னிடம் சிகிச்சைக்குக் கொண்டுவந்தார்கள். ஞாயிறு மதியம் சோற்றைத் தொடவில்லை. சாயங்காலத்துக்குள் பலமுறை வாந்தி. இரவு முழுக்க வயிற்றுப்போக்கு, விடியும்போது அதில் ரத்தம். இடையில் வீட்டில் மோர் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், அதுவும் தங்கவில்லை.

மேசையில் ஏற்றியபோது நாய் நிற்கவில்லை. ஈறுகள் பிசுபிசுவென்று ஒட்டின. விரலால் அழுத்தி எடுத்தால் நிறம் திரும்ப மூன்று விநாடி ஆனது. இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 160, காய்ச்சல் 103.6 டிகிரி. கழுத்துத் தோலைப் பிடித்து விட்டால் மடிப்பு அப்படியே நின்றது. வயிற்றில் கை வைத்ததும் முதுகை வளைத்து முனகினான். ஆசனவாயைச் சுற்றி, சிவப்பு ஜாம் போன்ற கழிவு.

மழைக்காலத்தில் குமரி மாவட்டத்தில் இப்படி ஒரு நாய் வந்தால் சந்தேகப் பட்டியல் நீளமாகவே இருக்கும். முதலில் நினைவுக்கு வருவது பார்வோ என்ற வைரஸ் கழிச்சல். ஆனால் நான்கு வயது, தடுப்பூசி ஒழுங்கு, பரிசோதனைப் பட்டையிலும் பார்வோ இல்லை. அடுத்து கண்ணாடி விரியன். ரப்பர் தோட்டத்தை ஒட்டிய வீடு என்பதால் இதை விட முடியாது. உடம்பில் வீக்கமோ பல் தடமோ இல்லை. சுத்தமான கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து இருபது நிமிடம் அசையாமல் வைத்துப் பார்த்தோம், நன்றாக உறைந்திருந்தது. விரியன் நஞ்சு ஏறியிருந்தால் உறையாது. ஒரு குழாயும் ஒரு கடிகாரமும் போதும் இந்தச் சோதனைக்கு, ஆனாலும் அவசரத்தில் பலர் இதைத் தவிர்த்துவிடுகிறார்கள். எலிக்காய்ச்சல் பட்டியலில் இருந்தது. கண்ணிலும் ஈறிலும் மஞ்சள் இல்லை என்றாலும், ஆம்பிசிலின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி ஊசியைத் தேர்ந்தெடுத்தது அந்தச் சந்தேகத்தையும் சேர்த்துத்தான்.

அப்புறம் நஞ்சு. வாழை வைத்திருக்கும் வீடு என்றால் குருணை மருந்துதான் முதல் கேள்வி. கார்போபியூரான், போரேட் வகைகளைத் தின்ற நாய்க்கு வாயில் எச்சில் வடியும், கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கும், தசைகள் துடிக்கும், பெரும்பாலும் சில மணி நேரத்துக்குள் எல்லாம் தெரிந்துவிடும். ராக்கியின் கண்மணி இயல்பாக இருந்தது, எச்சில் இல்லை, துடிப்பு இல்லை. நத்தை மருந்தாக இருந்தால் உடம்பு உதறி, காய்ச்சல் இதைவிட மேலே போயிருக்கும். எலி மருந்தான துத்தநாக பாஸ்பைடு என்றால் வாந்தியில் பூண்டு நாற்றம் அடிக்கும். அதுவும் இல்லை.

ரத்தப் பரிசோதனையில் பி.சி.வி., அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் விழுக்காடு, 58. நாய்க்கு 55-க்கு மேல் போனால் உடம்பில் தண்ணீர் வற்றி ரத்தம் கெட்டியாகியிருக்கிறது என்று அர்த்தம். குளுக்கோஸ் 64, குறைவு. கல்லீரல் நொதிகள் அந்த நேரத்தில் இயல்பு. காரணம் தெரியாமல் திடீரென்று ரத்தக் கழிச்சல் வந்து பி.சி.வி. ஏறும் நோய் ஒன்று நாய்களுக்கு உண்டு, நடுத்தர வயது நாய்களிலும் பார்க்கிறோம். இங்கேயே நின்றிருந்தால் அந்தப் பெயரை எழுதிக் கோப்பை மூடியிருக்கலாம். சிகிச்சை முதல் நாளில் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் அந்த நோயில் குளுக்கோஸ் இந்த அளவுக்கு இறங்குவதும், வயிறு இவ்வளவு கனமாகக் கைக்குத் தட்டுப்படுவதும் வழக்கமில்லை.

வயிற்றுக்குள் வெள்ளை

டிரிப் ஏறத் தொடங்கியதும் எக்ஸ்ரே எடுத்தோம். இரைப்பை நிறைய வெள்ளை. விழுங்கிய எலும்புத் துண்டு என்றால் விளிம்பு தெரியும், கல் என்றால் உருண்டை தெரியும். இதில் எதுவும் இல்லை. சிமென்ட் கலவையை ஊற்றி வைத்தது போல, பொடிப்பொடியாக, ஒரே சீரான வெள்ளை. சுண்ணாம்புச் சத்து மிகுந்த ஏதோ ஒரு பொடியைக் கணக்கில்லாமல் தின்றிருக்கிறான்.

முதலில் கேட்டது, "தோட்டத்துல மருந்து ஏதாவது போட்டீங்களா சார்?" என்றுதான். ஆசிரியர் கொஞ்சம் சங்கடப்பட்டுப் பதில் சொன்னார்: "மருந்தே நம்ம வீட்டுல ஏத்துறதில்ல டாக்டரே. எல்லாம் இயற்கை உரம், பாத்துக்கிடுங்க." எக்ஸ்ரேயைக் காட்டி வேறு மாதிரிக் கேட்டேன்: "வெள்ளி, சனியில தோட்டத்துல என்னென்ன வேலை நடந்துச்சு?" கூட வந்திருந்த மகன்தான் சொன்னான். சனிக்கிழமை ஆள் வைத்துத் தென்னைக்குத் தடம் எடுத்து உரம் வைத்திருக்கிறார்கள். ஒரு மூட்டுக்கு, அதாவது ஒரு தென்னைக்கு, வேப்பம் புண்ணாக்கு இரண்டு கிலோ, ஆமணக்குப் புண்ணாக்கு ஒரு கிலோ, எலும்புப் பொடி ஒரு கிலோ. எல்லாவற்றையும் தார்ப்பாயில் கொட்டிக் கலந்து போட்டது. நடுவில் மழை வந்துவிட்டதால் மேலே மண் வெட்டிப் போட்டும் போடாமலும் விட்டிருக்கிறார்கள். ஞாயிறு காலையில் இரண்டு மூடு கிளறிக் கிடந்தன. பெருச்சாளியாக இருக்கும், இல்லாவிட்டால் பன்றியாக இருக்கும் என்று மூடிவிட்டு வந்துவிட்டார்கள். ராக்கியைப் பகலில் கட்டி, இரவில் அவிழ்த்துவிடுவது வழக்கம்.

ஆட்டோவின் சாக்கில் காய்ந்துபோயிருந்த வாந்தியைச் சுரண்டி எடுத்துத் தேயிலை வடிகட்டியில் தண்ணீர் விட்டு அலசினோம். வெள்ளை மாவு கரைந்து ஓடியது. அடியில் நார் நாராகப் பழுப்பு நிறத் துகள். அதற்குள், நகத்தைவிடச் சிறிய, பளபளப்பான, சாம்பலும் பழுப்பும் வரிவரியாகக் கலந்த ஓட்டுத் துண்டுகள். கொட்டைமுத்தை, அதாவது ஆமணக்கு விதையை, கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு அந்தப் பளபளப்பு மறக்காது. வேப்பங்கொட்டை ஓடு இப்படி இருக்காது, அதில் வரியும் இல்லை, மினுக்கமும் இல்லை.

ஆய்வுக்கூட உறுதி இதற்கு இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஆமணக்கில் ரிசினின் என்று ஒரு சிறிய மூலக்கூறு உண்டு. நஞ்சான ரிசின் வேறு, இது வேறு. சிறுநீரிலோ இரைப்பைப் பொருளிலோ ரிசினின் இருப்பதைக் கருவியில் பார்த்தால் ஆமணக்கு உள்ளே போனது நிச்சயம். அந்தப் பரிசோதனை இங்கே அன்றாடம் கிடைப்பது கிடையாது. தின்ற கலவை, தின்ற நேரம், ஓட்டுத் துண்டு, நோயின் போக்கு எல்லாம் ஒரே பக்கம் காட்டியதால் ஆமணக்கு நச்சு என்று எழுதினேன்.

எண்ணெய் பாவம் செய்யவில்லை

ஆமணக்கு விதையில் எடையில் 1 முதல் 5 விழுக்காடு வரை ரிசின் என்ற புரதம் இருக்கிறது. இரண்டு சங்கிலிகள் சேர்ந்த புரதம். ஒரு சங்கிலி குடல் செல்லின் மேற்பரப்பில் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். மற்றொன்று உள்ளே நுழைந்து, செல் தனக்கு வேண்டிய புரதத்தை உண்டாக்கும் இடமான ரைபோசோமைச் செயலிழக்கச் செய்யும். செல் உடனே சாவதில்லை. கையிருப்புத் தீரும்வரை ஓடிவிட்டு, பிறகு விழும். தின்ற கையோடு ஒன்றும் தெரியாமல் ஆறு மணி நேரத்திலிருந்து ஒன்றிரண்டு நாள் வரை தள்ளிப்போய் நோய் வெளிப்படுவது இதனால்தான். சனி இரவு தின்றவன் ஞாயிறு மதியம் படுத்ததும் இந்தக் கணக்கில் சரியாக விழுகிறது.

ரிசின் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. விளக்கெண்ணெயில் அது இருப்பதில்லை. எண்ணெய் பிழிந்தபின் மிஞ்சுகிற புண்ணாக்கில் முழுக்கத் தங்கிவிடுகிறது. சூடு பட்டால், அதுவும் ஈரத்தோடு சேர்ந்த சூடு பட்டால், அழியும். நம் பாட்டிமார் கொட்டைமுத்தை வறுத்து இடித்துத் தண்ணீர் விட்டுக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சி விளக்கெண்ணெய் எடுத்தார்கள். அந்தச் சக்கையில் நஞ்சு பெரும்பாலும் செத்திருக்கும். செக்கிலோ ஆலையிலோ அழுத்திப் பிழியும்போது எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்பது ஆலைக்கு ஆலை மாறும். எண்ணெயைக் கரைப்பான் விட்டு எடுத்து, பிறகு நீராவியில் காட்டிய புண்ணாக்கு ஒரு மாதிரி, குளிர்ந்த முறையில் பிழிந்தது ஒரு மாதிரி. கடையில் இரண்டும் ஒரே சாக்கில், ஒரே நிறத்தில்தான் இருக்கும். போன வருஷம் இதே புண்ணாக்கு போட்டபோது நாய்க்கு ஒன்றும் ஆகவில்லையே என்று ஆசிரியர் கேட்டார். போன வருஷச் சாக்கு வேறு ஆலையிலிருந்து வந்திருக்கலாம்.

உரம் என்ற கணக்கில் ஆமணக்குப் புண்ணாக்கைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தழைச்சத்து 4.3 விழுக்காடு, வேப்பம் புண்ணாக்குக்கு 5.2. உலகத்தில் ஆமணக்கு அதிகம் விளைவது இந்தியாவில், அதிலும் குஜராத்தில். அங்கே எண்ணெய் போக மிஞ்சுவது நாடு முழுக்க உரமாகப் போகிறது. மண்ணுக்குள் போய்விட்டால் நுண்ணுயிர்கள் புரதத்தைச் சிதைத்துவிடும். சிக்கல் எல்லாம் சாக்கைப் பிரிப்பதற்கும் மண்ணில் மட்குவதற்கும் இடைப்பட்ட நாட்களில்தான்.

அந்த இடைவெளியில் நாயை வரவழைத்தது எலும்புப் பொடி. ஆமணக்குப் புண்ணாக்கை மட்டும் ஒரு தட்டில் வைத்தால் பல நாய்கள் மோந்துவிட்டுப் போய்விடும். வேப்பம் புண்ணாக்கின் கசப்பும் நாற்றமும் சேர்ந்தால் கிட்டவே வராது. எலும்புப் பொடி சேர்ந்ததும் அதே கலவை நாய்க்கு இறைச்சிக் கடையாகிவிடுகிறது. அதிலும் மழையில் நனைந்தால் வாசம் கூடும். தோண்டத் தோண்ட இன்னும் கிடைக்கிறது என்ற உற்சாகத்தில் கசப்பையும் சேர்த்து விழுங்குகிறது. எலிக்குக் கருவாட்டில் மருந்து தடவி வைப்பதும் இதே தந்திரம்தான், இங்கே யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, அவ்வளவே. என்னைக் கேட்டால் இந்த நிகழ்வில் முதல் குற்றவாளி எலும்புப் பொடி.

எலும்புப் பொடி தானாகவும் சும்மா இருப்பதில்லை. வயிற்று ஈரத்தில் ஊறிக் கட்டியாகி, இரைப்பை வாயை அடைத்துக்கொள்ளும். சில நாய்களுக்கு அறுவை செய்துதான் எடுக்க வேண்டிவரும். கணைய அழற்சியும் வரலாம். ராக்கியிடம் எனக்கு இரண்டு கவலை ஒன்றாக இருந்தது: குடல் புண்ணாகி நஞ்சு ரத்தத்தில் சேர்வது ஒன்று, இந்தச் சிமென்ட் உருண்டை நகராமல் நிற்பது மற்றொன்று.

சிகிச்சை

ரிசினுக்கு முறிவு மருந்து கிடையாது. தின்ற ஓரிரு மணி நேரத்துக்குள் வந்திருந்தால் வாந்தி எடுக்க வைத்து, கரித்தூள் கொடுத்திருப்போம். முப்பது மணி நேரம் தாண்டி, தானே வாந்தி எடுத்துக்கொண்டிருக்கிற, சோர்ந்து கிடக்கிற நாய்க்கு இரண்டும் ஆபத்து. கரித்தூள் நுரையீரலுக்குள் போனால் வேறு ஒரு நோயாளி ஆகிவிடுவான். அதனால் கொடுக்கவில்லை.

ரிங்கர் லாக்டேட் டிரிப் முதலில் கிலோவுக்கு 20 மில்லி வீதம் வேகமாக, பிறகு இழப்பைக் கணக்கிட்டு நிதானமாக. குளுக்கோஸ் தனியே சேர்த்தோம், நாலு மணிக்கொருமுறை காதோரத்தில் ஒரு சொட்டு எடுத்து அளந்து பார்த்தோம். வாந்திக்கு மாரோபிடன்ட், இரைப்பைக்கு பான்டோபிரசோல். வலிக்கு டிரமடால். மெலாக்சிகம் மாதிரி வலி ஊசிகளைத் தொடவே இல்லை, புண்ணான குடலையும் வற்றிய சிறுநீரகத்தையும் அவை இன்னும் கெடுக்கும். வாந்தி நின்றபின், புண்ணுக்கு சுக்ரால்ஃபேட் கரைத்துக் கொடுத்தோம்.

திங்கள் இரவு மோசம். கழிவில் ரத்தம் கூடியது, குளுக்கோஸ் இருமுறை சரிந்தது. செவ்வாய் காலை மறுபடி எக்ஸ்ரே: வெள்ளை இரைப்பையைவிட்டுச் சிறுகுடலுக்குப் பாதி இறங்கியிருந்தது. அறுவை வேண்டாம் என்ற முடிவு அப்போதுதான் வந்தது. எனிமா கொடுக்கலாமா என்று கேட்டார்கள். ரத்தம் கசிகிற குடலில் குழாய் விடுவதற்குப் பதில் காத்திருப்பதே நல்லது என்று விட்டுவிட்டேன். புதன்கிழமை, சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெளுத்த கழிவு நிறைய வந்தது. ஆசிரியரின் மனைவி அதைப் பார்த்துவிட்டு, "இம்புட்டையுமா தின்னான்?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

அதே புதன்கிழமை எடுத்த ரத்தத்தில் கல்லீரல் நொதி ஏ.எல்.டி. 240-க்கு ஏறியிருந்தது. முதல் நாள் இயல்பாக இருந்தது. இந்த நச்சில் கல்லீரலும் சிறுநீரகமும் இரண்டாம் மூன்றாம் நாளில்தான் காட்டிக்கொடுக்கும், அதனால் முதல் நாள் பரிசோதனையை நம்பி வீட்டுக்கு அனுப்பக் கூடாது. சிறுநீரகத்தைக் காட்டும் கிரியாட்டினின் கடைசிவரை ஏறவில்லை. வியாழன் முதல் கஞ்சித் தண்ணீர், பிறகு குழைந்த சோறும் தோல் நீக்கிய கோழியும். வார இறுதியில் வீட்டுக்குப் போனான். இரண்டு வாரம் கழித்து எடுத்த ரத்தத்தில் ஏ.எல்.டி. பழைய நிலைக்கு வந்திருந்தது.

சிட்டு? அவளும் அதே இரவு அதே மூட்டில் தின்றிருக்கிறாள். ஆனால் சனி இரவே திண்ணையில் இரண்டு முறை வாந்தி எடுத்திருக்கிறாள், காலையில் கழுவிவிட்டதாக வீட்டில் சொன்னார்கள். ஒருநாள் கழிச்சலோடு அவள் தப்பினாள். உடனே வெளியே வந்துவிட்ட நஞ்சு குடலில் வேலை செய்ய நேரமில்லை. லாப்ரடார் ரத்தம் ஓடும் ராக்கிக்கோ, உள்ளே போனது எதையும் திருப்பிக் கொடுக்கும் பழக்கம் இல்லை.

எல்லா ஆமணக்கு நச்சும் மரணம் இல்லை. அமெரிக்காவில் ஆமணக்கு தின்ற 98 நாய்களின் விவரத்தைத் தொகுத்து 2000-இல் வெளியிட்டார்கள். அதில் இறந்தவையும் கருணைக்கொலை செய்யப்பட்டவையும் சேர்த்து 9 விழுக்காடு. விதையை மெல்லாமல் விழுங்கினால் ஓடு உடையாமலேயே வெளியே வந்துவிடுவதும் உண்டு. புண்ணாக்கில் அந்தச் சலுகை கிடையாது, ஆலை ஏற்கெனவே அரைத்துக் கொடுத்துவிட்டது.

மற்ற புரையிடங்கள்

இந்த மாவட்டத்தில் வீடும் தோட்டமும் ஒரே மதிலுக்குள். நாய், பூனை, கோழி, ஆடு எல்லாம் உரத்துக்கும் மருந்துக்கும் நடுவில்தான் வளர்கின்றன. ஆமணக்கு நச்சு நான் பார்க்கிற தோட்ட நஞ்சுகளில் அபூர்வமானதுதான். அடிக்கடி வருவது வாழைக்குப் போடும் குருணை. போரேட்டின் விற்பனையும் பயன்பாடும் 2020 டிசம்பர் 31 முதல் நாட்டில் தடை. ஆனால் பழைய பாட்டிலும் பொட்டலமும் சாய்ப்பின், அதாவது கொட்டகையின், மூலையில் இன்னும் கிடக்கின்றன. மணலோடு கலந்து ஏத்தன் வாழைக் குருத்தில் போடும்போது கீழே சிந்தியதைக் கோழி கொத்தும், அந்தக் கோழியை நாய் தின்னும். இதில் அட்ரோபின் என்ற முறிவு மருந்து இருக்கிறது, நேரத்துக்கு வந்தால் காப்பாற்றலாம்.

ஆப்பிரிக்க நத்தை பெருகும் மழைக்காலத்தில் மெட்டால்டிஹைடு குருணையை வாங்கி மதிலோரம் தூவுகிறார்கள். நத்தை விரும்பித் தின்பதற்காகத் தவிடு மாதிரி தானியப் பொருளில்தான் அதைச் செய்கிறார்கள், நாய்க்கும் அது பிடிக்கும். தின்ற சில மணி நேரத்தில் உடம்பு உதறத் தொடங்கி, காய்ச்சல் 107 டிகிரிக்கு மேலும் போகும். போகிற வழியில் ஈரத் துணி போட்டுக் குளிர்விக்க வேண்டும். அதைவிட, இரவில் ஈரச் சாக்கில் முட்டைக்கோஸ் இலையும் பப்பாளி இலையும் போட்டு வைத்துக் காலையில் நத்தைகளைப் பொறுக்கி உப்புத் தண்ணீரில் போடுவது கொஞ்சம் அருவருப்பான வேலைதான், ஆனால் வீட்டில் நாய் இருந்தால் அதுவே சரி.

ரப்பருக்கும் மிளகுக்கும் பூஞ்சாணத்துக்குப் போர்டோ கலவை அடிக்கிறவர்கள் துருசை, அதாவது செம்புச் சல்ஃபேட்டை, பக்கெட்டில் கரைத்து வைத்துவிட்டுச் சாயா குடிக்கப் போகிறார்கள். நாய் நக்கினால் பெரும்பாலும் வாந்தியோடு போய்விடும். செம்மறி ஆடு குடித்தால் கதை வேறு, செம்பை அதன் கல்லீரல் தாங்காது. ரப்பர் பால் உறைய வைக்கும் ஃபார்மிக் ஆசிட் வாயையும் தொண்டையையும் பொசுக்கும், அதற்கு வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. யூரியா நாய்க்கு வயிற்றுக் கோளாறு அளவில் நிற்கும், மாட்டின் முதல் இரைப்பையிலோ அது அம்மோனியாவாக மாறிச் சில மணி நேரத்தில் கொல்லும். மரச்சீனி (மரவள்ளி) இலையும் தோலும் ஆட்டுக்கு என்ன செய்யும் என்று குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

செடிகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன். புது வீடுகளின் வாசலில் வைக்கும் சைக்கஸின் விதை நாயின் கல்லீரலைக் காலி செய்துவிடும், ஆமணக்கைவிட மோசம். கண்வலிக்கிழங்கை, அதாவது செங்காந்தள் கிழங்கை, மழைக்கு முன் நடுவதற்காக வெளியே பரப்பி வைக்கும்போது குட்டி நாய்கள் கடித்து விளையாடும். அதிலிருக்கும் கொல்கிசின் ரத்தக் கழிச்சலில் தொடங்கி எலும்பு மஜ்ஜை வரை போகும்.

வீட்டு வைத்தியத்தில் ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். நஞ்சு தின்ற நாய்க்கு வாயில் தேங்காய் எண்ணெய் ஊற்றுவது இங்கே பரவலான பழக்கம். சோர்ந்த நாய்க்கு ஊற்றினால் எண்ணெய் நுரையீரலுக்குப் போகும், அந்த நிமோனியா எளிதில் ஆறாது. தின்றது எலி மருந்து என்றால் கொழுப்பு நஞ்சை இன்னும் நன்றாக உள்ளே ஏற்றும். உப்புத் தண்ணீரும் வேண்டாம், அதில் உப்பே நஞ்சாகிவிடும். பாக்கெட்டையும் வாந்தியையும் ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு வண்டி ஏறுவதுதான் வீட்டில் செய்யக்கூடிய நல்ல வைத்தியம். தக்கலை, மார்த்தாண்டம், நாகர்கோவில் என்று எது பக்கமோ அங்கே. பெரிய சிகிச்சை தேவைப்பட்டால் திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

மிச்சச் சாக்கு

வீட்டுக்கு அனுப்பும் நாளில் ஆசிரியர் கேட்டது ஒரே கேள்வி: மீதி உரத்தை என்ன செய்ய? மற்ற மூடுகளில் போட்டது மண்ணுக்குள் கிடக்கிறது, அதை எடுக்க வேண்டாம். ஓரடி மண் மூடி, மேலே பச்சை ஓலை மட்டையைப் போட்டு, அதன் மேல் கல் வைக்கச் சொன்னேன். நாய்களை இரண்டு மூன்று வாரம் அந்தப் பக்கம் விடாமல் கயிற்றில் வைக்க வேண்டும். புண்ணாக்கை ஊறவைத்துக் கரைத்து ஊற்றினால் போதுமா என்று கேட்டார். ஊறவைப்பதால் நஞ்சு போகாது, தண்ணீருக்கு வந்துவிடும், பக்கெட்டில் நாய் வாய் வைத்தால் முடிந்தது. அடுத்த முறை ஆமணக்கை விட்டுவிட்டு வேப்பம் புண்ணாக்கைக் கூட்டிக்கொள்ளலாம். தென்னைக்கு ஆண்டுக்கு ஐந்து கிலோ வேப்பம் புண்ணாக்கு என்பது வேளாண் துறையே சொல்கிற அளவுதான். எலும்புப் பொடியை விடமாட்டேன் என்றார், சரி, ஆனால் அது தனி நாளில், ஆழக் குழியில்.

ஆமணக்குச் சாக்கைப் பிரிக்கும்போது முகத்தில் துணி கட்டவும் சொன்னேன். அந்தத் தூசி சிலருக்கு மூச்சிரைப்பைக் கிளப்பும். உரம் கலந்த ஆளுக்கு அன்று ராத்திரி தும்மலும் கண் அரிப்பும் இருந்ததாக மகன் அப்போதுதான் சொன்னான்.

பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று வெளியே வந்தது. சாய்ப்பில் ஆமணக்குச் சாக்கு இருந்த அதே பலகையில்தான் பசுவுக்கான கடலைப் புண்ணாக்குச் சாக்கும் இருந்திருக்கிறது. இரண்டிலும் எழுத்து இல்லை, இரண்டும் கடையில் அளந்து கட்டிக்கொடுத்தவை. மாடும் இந்த நஞ்சுக்கு விலக்கில்லை. காலையில் தவிட்டோடு பிசைந்து வைக்கிறவர் ஆசிரியரின் மனைவி. இருட்டில், பழக்க தோஷத்தில் கையை விடுகிற வேலை அது. ஆமணக்குச் சாக்கை அன்றைக்கே கடைக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். பணம் தரமாட்டேன், வேண்டுமானால் அந்த விலைக்கு வேப்பம் புண்ணாக்கு தருகிறேன் என்றாராம் கடைக்காரர். வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.